சம்பூர்ணம் வீட்டு டம்ளர்

மாமல்லபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், குழாய்த் தண்ணீரைச் சோதிக்க ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் ஆளுக்கொரு சோதனைப் பெட்டியும் கொடுத்தார்கள். நாலு பேர் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். சாராள் மட்டும் காலையில் ஓட்டலில் அறை பெருக்கிவிட்டு, மத்தியானம் அந்தப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்குவாள். மருந்து போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து மூடி வைப்பாள். இரண்டு நாளில் கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னா சாராளு, தண்ணிக்கு ஜோசியமா?" என்பார்கள். ஓசியில் கிடைக்கிற எதற்கும் எங்கள் ஊரில் மதிப்புக் கிடையாது. அவள் சிரித்துக்கொண்டே குழாயடியில் குந்துவாள்.

போன ஐப்பசி மழையில் சம்பூர்ணம் வீட்டுக்குப் போனாள். அங்கே ஆறு மாதக் கர்ப்பமாக மகள் சுஜாதா வந்திருந்தாள். சாராளின் அம்மா அந்த வீட்டுக் கழனியில் நடவு நட்டவள். தாகமென்றால் கொல்லையில் கையேந்தி நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். அதே வீட்டில் சம்பூர்ணம் சாராளுக்கு நாற்காலி போட்டு, எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டு, பாட்டிலுக்கும் இதுலயே ஊத்திக்க. பின்னாடி குழாயாண்ட ஒரே சேறா கீது."

குழாயில் நேராகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். சாராளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பாதியைக் குடித்தாள். மீதியைப் பாட்டிலில் ஊற்றினாள்.

பாட்டில் கறுக்கவில்லை. நல்ல தண்ணீர் என்று எழுதிக்கொண்டு, சம்பூர்ணத்திடமும் போய்ச் சொன்னாள்.

ஒன்றரை மாதத்தில் சுஜாதாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

சாராள் துக்கம் கேட்கப் போனாள்.

"நல்ல தண்ணின்னு நீ சொன்னதும் காய்ச்சறத வுட்டுட்டோம்" என்றாள் சம்பூர்ணம்.

"யக்கா, அன்னிக்கி எனக்குக் குடுத்தது குழாத் தண்ணிதான?"

"அது கேன் தண்ணி. பாட்டிலுக்கும் ஊத்தச் சொன்னப்ப எனக்கு அது ஒறைக்கல. குழாத் தண்ணி நாங்க குடிக்கிறது. வூடு தேடி வந்தவளுக்கு அந்தக் கலங்கலையா குடுப்பேன்?"

சாராள் அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"தப்பு என்னுதுக்கா. நான்தான் குழாயாண்ட போயி புடிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, சேற்றில் இறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்தாள். மறுநாளே பாட்டில் கறுத்தது. தோண்டிப் பார்த்தால், சாக்கடைக்குள் குழாய் விரிசல் விட்டுக் கிடந்தது.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மரியாதை கொடுத்தவள்மேலா, அதை வாங்கிக்கொண்டவள்மேலா?

குழாயை மாற்றிய பிறகு, இந்த மாதம் சாராள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனாள். அதுவரை சம்பூர்ணம் அவளிடம் பேசவில்லை. அன்றைக்கு அவளே முன்னால் நடந்து கொல்லைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டாள். சாராள் பாட்டிலை நிரப்பி மூடினாள்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள் சம்பூர்ணம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"ரெண்டு நாள் கழிச்சி வர்றேன்க்கா. இந்தக் குழாத் தண்ணியே குடு."