வண்டியை எடுத்துக்கொண்டு போனது யார்?

அந்த வெயிலில் நம் நண்பனை விட்டுவிட்டுப் போனவர் நீங்கள், அண்ணா. அவன் பீர் குடித்துவிட்டு விழவில்லை.

போன மாதம் இங்கே ஜெர்மனியில், ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் எர்லாங்கன் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தபோது, மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வேறு கதை சொன்னீர்கள்.

"வேலூர்ல பொறந்தவன், வெயில்னா எனக்கு ஏசி மாதிரின்னு சொன்னான்! முந்தின நாள் நைட்டு பீர் உள்ள போச்சு. மறுநாள் பாலைவனத்துல சார் ஃப்ளாட்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அடுப்புப் பக்கம் நின்று கோழிக்கால்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான். பிறகு இடுக்கியை என் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் மனைவியையும் பிள்ளையையும் சாயங்காலம் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் உங்களை அண்ணா என்று கூப்பிடாத தமிழன் இல்லை. நான் வந்து இறங்கிய குளிர்காலத்தில் நூரம்பெர்க் விமான நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது நீங்கள். வீடு கிடைக்கும்வரை உங்கள் சோபாவில்தான் படுத்தேன். அவனுக்கும் அப்படித்தான். எங்கள் இருவரையும் கோல்ஃப் பக்கம் இழுத்துக்கொண்டு போனதும் நீங்கள்தான். இந்த நாட்டில் மைதானத்துக்குள் கால் வைக்கவே பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் சிரித்தோம். "சிரிக்காதீங்கடா, டிரைவிங் லைசென்ஸைவிட இது கஷ்டம்" என்று சொல்லி, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் வந்து ஹார்ன் அடித்தீர்கள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

நம் பவேரியா மாநிலத்தில் பள்ளிக்கூடப் பெரிய விடுமுறை ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. எங்களைப் போன்ற குடும்பங்கள் ஊருக்குப் போவதும் அப்போதுதான். வழியில் வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். போன வருடம் மூன்று குடும்பமும் ஒன்றாகக் கிளம்பினோம். அங்கே இரண்டு நாள் தங்கலாம், பெண்களும் பிள்ளைகளும் மாலுக்குப் போகட்டும், நாம் ஒரு ரவுண்டு ஆடலாம் என்று யோசனை சொன்னது நீங்கள். கோடையில் அங்கே மைதானம் காலியாகக் கிடக்கும் என்றீர்கள். ஏன் காலியாகக் கிடக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அந்த மாதங்களில் நடுப்பகலில் வெயிலில் ஆட்களை வேலை வாங்க அங்கே சட்டமே தடை போட்டிருக்கிறது. கூலிக்குக்கூட யாரையும் நிறுத்தக் கூடாத வெயிலில் நாங்கள் ஆசைப்பட்டு விளையாடப் போனோம்.

வேறு நாட்டுக்காரன் செய்ய மாட்டான். அங்கே வந்த ஜெர்மன்காரர்கள் எல்லாம் விடியற்காலையிலேயே ஆடிவிட்டு ஏசிக்குள் போய் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் நம் சொத்து என்று நினைப்பது நாம்தான். "வேலூர்க்காரன்கிட்டயே வெயிலக் காட்டறாங்களா" என்று அவன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அவன் வேலூரை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எர்லாங்கனில் ஜூன் மாதம் கொஞ்சம் சூடேறினாலே ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்காருகிற ஆள் அவன். உடம்பு எப்போதோ இந்த ஊருடையதாகிவிட்டது. வாய் மட்டும் வேலூரிலேயே இருந்தது. எனக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. மட்டையின் இரும்பு கையுறையைத் தாண்டிச் சுட்டது. ஆனால் அந்தக் காற்றில் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போனது. உங்களுக்கு அன்று தொட்டதெல்லாம் நேராகப் போயிற்று. வாழ்க்கையிலேயே நல்ல ரவுண்டு. "டேய், இத நம்ம கிளப்புல போய்க் காட்டணும்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நம் கிளப்பில் உங்களுக்குப் பின்னால் ஆட வருகிற ஜெர்மன்காரர்கள் எப்போதும் "பரவாயில்லை, மெதுவாக ஆடுங்கள்" என்று சிரித்தபடி சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நீங்கள் எத்தனை வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பாதியில், மைதானத்துக்குள் நாங்கள் ஓட்டிப் போகிற குட்டி வண்டிகளில் என்னுடையது நின்றுவிட்டது. பேட்டரியும் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. என் பையை உங்கள் வண்டியில் கட்டிவிட்டு, பின்னால் தொற்றிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஓட்டினீர்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மொத்தம் பதினெட்டில் பன்னிரண்டாவது குழிக்கு வந்தபோது அவன் இறங்கி, குனிந்து, வாந்தி எடுத்தான்.

"அண்ணா, போதும். திரும்பிடலாம்" என்றேன்.

"ஒண்ணுமில்ல, காலைல சாப்பிட்ட பூரி. டேய், ஓகேவா?"

"ஓகேண்ணா. நீங்க ஆடுங்க" என்றான் அவன். அவன் அப்படித்தான் சொல்வான். அது உங்களுக்கும் தெரியும்.

"அந்த மரத்தடில கொஞ்சம் உக்காருங்க. நான் மடமடன்னு முடிச்சிட்டு இந்தப் பக்கமே வந்துடறேன்."

போய்விட்டீர்கள். வண்டியில் தண்ணீர்ப் பெட்டி இருந்தது. எங்கள் பைகள் இருந்தன. பைகளுக்குள் எங்கள் போன்கள் இருந்தன. நீங்கள் இதையெல்லாம் யோசித்துச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை என்கிறேன்.

அந்த மரத்துக்கு நிழல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, முள்ளும் பொடி இலையும்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் வியர்வை நின்றுபோனது. தொட்டால் அனலாகக் கொதித்தது. பிறகு பேச ஆரம்பித்தான்.

"மச்சான், இன்னிக்கு சண்டேடா. கடையெல்லாம் மூடியிருக்கும். தண்ணி எங்க வாங்கறது?"

"ஸ்டேஷன்ல கடை இருக்கும்டா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஸ்டேஷனுக்கு சைக்கிள்ல போயிட்டு வந்துடறேன்" என்று எழப் பார்த்தான். எழ முடியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும் எர்லாங்கனில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு செயற்கைக் குட்டை இருந்தது. சட்டையைக் கழற்றி அதில் நனைத்து அவன் தலையிலும் நெஞ்சிலும் போட்டேன். தண்ணீர் ரசம்போல் சூடாக இருந்தது. தொப்பியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். கத்தினேன். அந்தப் பச்சைப் புல்வெளி முழுவதும் ஓர் ஆள் இல்லை. அவனைத் தனியாக விட்டுவிட்டு ஓடவும் பயமாக இருந்தது.

நீங்கள் வந்தீர்கள். எல்லாக் குழியும் முடித்துவிட்டு வந்தீர்கள். தூரத்திலேயே ஸ்கோர் கார்டை ஆட்டிக்கொண்டு வந்தவர், அவனைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தக்கூட மறந்து குதித்தீர்கள். அப்புறம் நீங்கள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனைத் தூக்கியது நீங்கள். ஆஸ்பத்திரியில் மனிதர்களை அதட்டி டாக்டரை வரவழைத்தது நீங்கள். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுததும் நீங்கள். நான் பார்த்தேன். அன்றைக்கே உங்களை மன்னித்துவிட்டேன்.

ஆனால் அவன் எதற்காக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவன் தங்கை குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவள் அந்த விசேஷத்தையே இவன் விடுமுறைக்காக ஆகஸ்டு வரை தள்ளி வைத்திருந்தாள். சொந்தபந்தமெல்லாம் வேலூரில் வந்து கூடியிருக்க, தாய்மாமன் கையில் டிரிப்ஸோடு வளைகுடாவில் படுத்துக்கிடந்தான். பெரியப்பா மகன் ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். தங்கை போனில் அழுதாள், ஆனால் புரிந்துகொண்டாள். "உயிரோட இருக்கியே, அது போதும்ணா" என்றாள்.

அப்படியே முடிந்திருக்க வேண்டியது. நீங்கள் ஆற்றங்கரையில் சொன்ன கதையை யாரோ வீடியோ எடுத்தார்கள். நம் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து அது எங்கெங்கோ சுற்றி வேலூருக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கை புருஷன் பார்த்தான். கூடவே பழைய படங்களையும் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்முடைய ஒவ்வொரு சந்திப்பிலும் அவன் கையில் ஒரு உயரமான கண்ணாடித் தம்ளர் இருக்கும். சோடா கலந்த ஆப்பிள் ஜூஸ். இந்த நாட்டில் குடிக்காதவன் கையில் இருப்பது அதுதான் என்று ஜெர்மனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலூரில் அது பீர்தான். அதே நிறம், அதே நுரை. தங்கை இப்போது அவன் போனை எடுப்பதில்லை. என் குழந்தையின் விசேஷத்தைவிட இவனுக்குக் குடி பெரிதாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஆட்டத்துக்கு முந்தின இரவு ஓட்டலில் பீர் குடித்தது நீங்களும் நானும். அவன் பழரசம் குடித்துவிட்டுப் பிள்ளையைத் தூங்கவைக்கப் போனான்.

நான் தங்கையிடம் பேசுகிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்றான்.

"நீ சொன்னா ஃப்ரெண்டக் காப்பாத்தறான்னுதான் நினைப்பாங்க. சொன்னவரே சொன்னாத்தான்டா எடுபடும்."

"அப்ப அவர்கிட்ட கேளு."

"எப்படிக் கேப்பேன்? அவர் வீட்டு சோபால படுத்தவன்டா நான்."

இப்போது வேலைக்குப் போகும்போது உங்கள் தெரு வழியாக அவன் சைக்கிளில் வருவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறான்.

நான் உங்களிடம் கேட்டுப் பார்த்தேன். "விளையாட்டுக்குச் சொன்னதுடா, இதப் போயி" என்றீர்கள். எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. நம் கிளப்பில் ஓர் அக்டோபர் காலை, இலைக் குவியலுக்குள் உங்கள் பந்து. மட்டையை வைத்தபோது பந்து ஒரு மயிரிழை நகர்ந்ததாம். யாரும் பார்க்கவில்லை. நீங்களே கையைத் தூக்கி, எனக்கு அபராதமாக ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்றீர்கள். தோற்றும் போனீர்கள். "இந்த ஆட்டத்துல அம்பயர் கிடையாது தம்பி. தப்பு பண்ணவன்தான் கையத் தூக்கணும்" என்று காரில் வரும்போது எங்களுக்குச் சொன்னீர்கள். அன்று உங்களோடு ஆடுவதே எனக்குப் பெருமையாக இருந்தது.

வருகிற ஆகஸ்டில் புதிதாக வந்த பையன்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அங்கே ஆடப் போகப்போவதாகக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஆற்றங்கரையில் இன்னொரு ஞாயிறு நாம் கூடுகிறோம். அதே ஆட்கள், அதே மைக். வீடியோவை நானே எடுக்கிறேன், நானே வேலூருக்கு அனுப்புகிறேன். தனியாக என்னிடம் வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: முந்தின இரவு அவன் குடித்தானா? பன்னிரண்டாவது குழியில், தண்ணீரோடு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனது யார்?