ஊஞ்சலிலிருந்து விழுந்த அக்காவும் ஒரு சத்தியமும்

தலையில் கை வைத்துச் செய்யும் சத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மீறினால் தண்டனை மீறியவருக்கு இல்லை, தலைக்குச் சொந்தக்காரருக்கு. எட்டு வயதில் எனக்கு இது சந்தேகமில்லாமல் தெரியும். ஒன்பதாம் வாய்ப்பாடுகூட அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்குச் சாலைக் கடைவீதியில் பாத்திரக் கடை. ஆரியசாலைச் சந்து ஒன்றில் வீடு. நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த குடும்பம் என்றாலும், ஓணம் வந்தால் நாங்களும் ஓணக்காரர்கள்தான். பக்கத்து வீட்டுச் சேச்சி தன் மாமரத்தில் ஊஞ்சல் கட்டுவார். அதில் நின்றுகொண்டு ஆடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதனாலேயே பன்னிரண்டு வயது அக்கா நின்றுகொண்டு ஆடினாள்.

அன்று சாயங்காலம் ஓண ஊர்வலம். யானைகளும் அலங்கார வண்டிகளும் கிழக்கேகோட்டைக்கு வந்து சேரும். ஒரு வாரமாக அக்காவுக்கு வேறு பேச்சில்லை. காலையில் நான் தள்ளிவிட, உயரே இருந்த மாவிலையைப் பல்லால் கடித்துப் பறிக்க எம்பியவள் கால் வழுக்கி, வேரில் தலை மோத விழுந்தாள். கொஞ்ச நேரம் கண் திறக்கவில்லை. நான் அழத் தொடங்குமுன் எழுந்து உட்கார்ந்து, காதுக்கு மேலே தடவிப் பார்த்துச் சிரித்தாள். ரத்தம் இல்லை, வீக்கம் மட்டும். வெளியே வீங்கிவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குச் சமாதானமும் சொன்னாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான் அது. பிற்பாடு எந்த டாக்டரும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தால் ஊர்வலம் போச்சு. அக்கா என் கையைப் பிடித்து அந்த வீக்கத்தின் மேலேயே வைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா. சொன்னா என் தலை வெடிச்சிரும்."

மதியம் பாதிச் சோற்றில் எழுந்து, புழக்கடையில் வாந்தி எடுத்தாள். இரண்டு நாளாகக் குடித்த பாயசம் என்று அம்மா தீர்மானித்து இஞ்சிச் சாறு கொடுத்தாள். தலைவலி என்றதும் வெயிலில் ஆடியதுதான் என்று சுக்குப் பற்றுப் போட்டாள். அக்கா படுத்துவிட்டாள். ஊர்வலத்துக்குத் தெம்பு வேண்டும், தூங்கட்டும் என்று அம்மா என்னைச் சத்தம் போடவும் விடவில்லை.

அம்மா அசட்டையானவள் இல்லை. நாங்கள் எங்காவது தலையில் இடித்துக்கொண்டால் மூன்று நாள் எங்களையே கவனித்துக்கொண்டிருப்பாள், வாந்தி எடுக்கிறோமா, பகலில் கண் சொருகுகிறோமா என்று. அன்று எல்லாமே அவள் கண் முன்னால் நடந்தது. அக்கா விழுந்தாள் என்ற ஒரு செய்தி மட்டும் என்னிடம் இருந்தது.

நாலு மணிக்குத் தெருவில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவை உலுக்கினேன். பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"நீ போ. எனக்கு வேண்டாம்," என்றாள். நாக்கு குழறியது.

வாந்தியைப் பார்த்து வராத பயம் இப்போது வந்தது. ஊர்வலம் வேண்டாம் என்கிற அக்காவை நான் பார்த்ததே இல்லை.

சொன்னால் தலை வெடிக்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ. சுவரோரம் நின்று யோசித்தேன். சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம், காட்டமாட்டேன் என்று இல்லையே? அடுக்களைக்குப் போய் அம்மாவை இழுத்துவந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அவள் விரல்களை அக்காவின் காதுக்கு மேலே வைத்தேன்.

அம்மா அக்காவின் இமைகளை விலக்கிப் பார்த்தாள். ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"எப்பம் விழுந்தா, மக்ளே?"

இதற்குக் கையால் பதில் சொல்ல வழியில்லை. "காலத்த," என்றேன்.

சேச்சி ஆள் அனுப்ப, அப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். ஊர்வலத்துக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு, யானை பார்க்க நின்ற கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அப்புறத்தில் டாக்ஸி பிடித்தார். அன்றே ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து, உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிள்ளை கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். வந்தவர்களிடமெல்லாம் அம்மா என்னைக் காட்டி, இவள்தான் காப்பாற்றினாள் என்றாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஐந்தாம் நாள் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். மொட்டைத் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நான் சொன்னேன், தலை வெடித்தது.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான் எப்பிடிட்டி விழுந்தேன்?" என்று கேட்டாள்.

நான் உடைத்த சிலேட்டை ஒரு வருஷமாகச் சொல்லிக் காட்டியவள் அவள். அப்படிப்பட்டவள், சத்தியமே நடக்காததுபோல நடித்து என்னை மன்னிக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அழுகை பொங்கிவிட்டது. அதன்பிறகு பல வருஷங்கள் அவள் பாயைச் சுருட்டினேன், அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன், என் தோசையின் முறுகலான ஓரம் அவளுக்கே போயிற்று. காரணம் கேட்காமல் எல்லாவற்றையும் உரிமையோடு வாங்கிக்கொண்டாள்.

தலையில் பலத்த அடி விழுந்தால் அந்த நாளின் நினைவே அழிந்துபோவதுண்டு என்று, என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்தபோதுதான் ஒரு டாக்டர் சொல்லக் கேட்டேன். அக்கா நடிக்கவில்லை. என்னை மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அந்தச் சத்தியத்தை அறிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தி மட்டும்தான், இதை எழுதும்வரை.