தீவுகளைச் சுரண்டுகிறவர்

துரிபியோ மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நதியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். புது உலகத்தின் கரையில் கண்டதாக எவரோ ஒரு மாலுமி சொன்ன நதி அது. அடுத்துப் போனவர்கள் அங்கே வாய்க்கால்கூட இல்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். கத்தியை ஆட்டுத்தோலின் மேல் படுக்கவைத்து மெல்லத் தள்ளுகிறார். "போதும்டா கண்ணு, எத்தனை நாளுதான் ஓடுவே, வந்துரு" என்று நதியைக் கொஞ்சுகிறார்.

ஸ்பெயினின் செவீயா நகரத்து வர்த்தக மாளிகை மேல்மாடியில், மேசை நிறைய விரிந்து கிடக்கிறது மூலப்படம், எல்லாக் கப்பல் வரைபடத்துக்கும் தாய்ப்படம். கப்பல் திரும்பும்போதெல்லாம் அதில் கரை ஏறும், கரை இறங்கும். ஏற்றுகிறவர்கள் படித்தவர்கள், பட்டுச் சட்டைக்காரர்கள். பொய்யென்று தீர்ப்பானதை இறக்குவது மட்டும் பதினெட்டு வருடமாக இவர் வேலை. எழுத்து தெரியாது. வேலை நாளில் வெங்காயம் தொடமாட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தால் ஒரு நாடு ஊறிப்போகுமாம். இத்தனைக்கும் மனிதர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில், திரியானாவில் இருக்கும் வீட்டுக்குப் படகுப் பாலத்தில் போவதற்கே கண்ணை மூடிக்கொள்கிறார்.

இன்று காலை மாளிகைப் படிக்கட்டில் மென்சியா உட்கார்ந்திருந்தாள். திரியானாவில் மத்தி மீன் பொரித்து விற்பவள். அவள் மகன் தாமியானும் இன்னும் ஆறு பேரும் தண்ணீர் பிடிக்க ஒரு தீவில் இறங்கினார்கள். அதற்குள் புயல் கப்பலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கப்பலோடு ஊர் வந்து சேர்ந்த மாலுமி, தீவை மூலப்படத்தில் குறிக்கவைத்துவிட்டுக் காய்ச்சலில் செத்தான். தேடிப்போன இரண்டு கப்பலும் அந்த இடத்தில் வெறும் தண்ணீரைத்தான் கண்டன. தீவைச் சுரண்டச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

"அண்ணே, நீ சுரண்டிட்டா எம்புள்ள எங்க நிப்பான்?"

"நான் கூலிக்காரன் தாயி. சுரண்டுன்னா சுரண்டணும்."

"படத்துல இல்லாத இடத்துக்கு எந்தக் கப்பல்ணே போகும்?"

துரிபியோ அவளைத் தாண்டிப் படியேறினார். ஒரு விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் யார் கேட்பார்கள் என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

நதி முடிந்தது. அடுத்தது தீவு. படத்துக்குப் பொறுப்பான தலைமை மாலுமி தோன் அல்வாரோ பக்கத்திலேயே நின்றார். மறுநாள் புறப்படும் கப்பலுக்கு மூலப்படத்தைப் பார்த்துப் படி எடுத்தாக வேண்டும். கொண்டைக்கடலை அளவு தீவு. சுரண்டி முடிக்க நேரமே ஆகவில்லை. கத்தியை வைத்துவிட்டு துரிபியோ நகராமல் நின்றார்.

"என்னய்யா?"

"ஐயா, தீவு இருக்குங்க. கொஞ்சம் மேற்கால தள்ளி."

மேசையைச் சுற்றியிருந்த எழுத்தர்கள் சிரித்துவிட்டார்கள். தோன் அல்வாரோ சிரிக்கவில்லை. "நீ கடலைப் பாத்திருக்கியா?"

"ஆத்துப் பாலத்துக்கே கண்ணை மூடிக்கிறவன்ங்க. ஆனா நான் சுரண்டினதை எல்லாம் பாத்திருக்கேன். கொஞ்சம் இந்தத் தோலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிங்க."

மூலப்படத்தைத் தூக்குவதா! ஒரு எழுத்தர் கடவுளைக் கூப்பிட்டார். தோன் அல்வாரோ என்ன நினைத்தாரோ, தலையசைத்தார். நாலு பேர் தூக்கினார்கள். வெயில் தோலுக்குப் பின்னால் விழுந்தது. சுரண்டிச் சுரண்டி மெலிந்த இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"இது ஒண்ணு. பொய்த் தீவுன்னு எடுத்தோம். அதே உயரத்துல, ரெண்டு விரல் மேற்கால பாருங்க, வேற ஒருத்தர் வேற பேர் சொல்லி வரையவெச்ச தீவு. இந்தா இன்னொண்ணு. அதுக்கும் ரெண்டு விரல். இங்கயும் அப்படித்தான்."

எல்லாரும் எண்ணினார்கள். ஒன்பது வெளிச்சப் புள்ளி. அதில் ஏழுக்கு, இரண்டு விரல் மேற்கே ஒரு தீவு இருந்தது. வடக்கு தெற்கை நட்சத்திரம் சொல்லிவிடும். கிழக்கு மேற்கை, கப்பலின் வேகத்தை நுரையைப் பார்த்துக் கணித்து, மாலுமி உத்தேசமாகத்தான் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாமல் கடல் நீரோட்டம் கப்பலை மேற்கே இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. கடலில் முப்பது வருடம் உப்புத் தின்றவர் தோன் அல்வாரோ. முகம் சிவந்துபோயிற்று.

"இத்தனை வருஷமா ஏன்யா சொல்லலை?"

"யாரும் கேக்கலைங்க."

"இப்பவும் யாரும் கேக்கலையே."

"இன்னைக்கு ஒருத்தி கேட்டாளுங்க."

தோலை மறுபடி மேசையில் விரித்தார்கள். எங்கே, காட்டு என்றார் தோன் அல்வாரோ. சுரண்டிய இடத்தை ஒட்டி, மேற்கே, துரிபியோ இரண்டு விரலைக் கிடத்தினார். தோன் அல்வாரோ தாமே இறகை மையில் தோய்த்து, விரலின் மறுபக்கத்தை ஒட்டிப் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போட்டார். இங்கே தேடு என்று அதற்கு அர்த்தம். நாளைக்குப் போகிற படியிலும் அதே வட்டத்தைப் போடச் சொன்னார்.

உச்சிவேளை மணி அடித்தபோது துரிபியோ படியிறங்கி வந்தார். மென்சியா எழுந்து நின்றாள். "நாளைக்குப் போற கப்பல் தேடும் தாயி" என்று, இடம் காட்டிய இரண்டு விரலையும் அவள் முன்னால் நீட்டினார். ஓரத்தில் ஈர மை. மென்சியா அந்தக் கையை அப்படியே பிடித்து, மை கன்னத்தில் இழுபடக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.