ஆறு பேருக்கு ஒரு நேர்த்தி

"உந்த டொக்குத்தர் சொல்லுறதைக் கேட்டு அந்த அறைக்குள்ளை போகாதை பிள்ளை! போகாதை எண்டு சொல்லுறன், கேக்குதோ?"

நேசமலர் இப்படிக் கத்துவது ஊரிலுள்ள எந்தப் பிள்ளையைப் பார்த்தும் அல்ல. கதிரையில் வெள்ளைத் துவாய் விரித்து, அதன்மேல் சாமி படம் மாதிரி இருத்தி வைத்திருக்கும் றேடியோவைப் பார்த்துத்தான். மடியில் சுளகு, சுளகில் பயறு. கை கல் பொறுக்கும். வாய் கொழும்போடு சண்டை பிடிக்கும். ஒன்றுக்காக மற்றது நிற்பதில்லை.

புதன்கிழமை மாலை ஆறரை மணியென்றால் இரணைமடு வாய்க்கால் கரையிலுள்ள அந்தக் குடியேற்ற வீட்டு முற்றம் நிறைந்துவிடும். போன பெரும்போக நெல் சரிவந்ததில் அவள் புருஷன் ஐயாத்துரை வாங்கிவந்த றேடியோ அது. செய்தியும் மழை நிலவரமும் கேட்கவென்றுதான் அந்த மனிதர் வாங்கினார். பாவம், புதன்கிழமைகளில் அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. "சாவி இல்லாத வீடு" என்ற தொடர் நாடகம் தொடங்கிய நாளிலிருந்து அது நேசமலரின் றேடியோ.

கதை இதுதான். முன்பின் அறியாத ஆறு பேர் ஒருநாள் கண்விழித்துப் பார்த்தால், ஒரு பெரிய வீட்டுக்குள் கிடக்கிறார்கள். வெளியே பூட்டு. பூட்டியது யார், ஏன் பூட்டினார்கள், ஒன்றும் தெரியாது. அந்த ஆறு பேரில் ஒரு டொக்டர், ஒரு வாத்தியார், ஒரு கடைக்காரர், ஒரு பாட்டுக்காரி, ஒரு கள்ளன். ஆறாவது, பவானி என்று ஒரு பெட்டை. இருபது வயதிருக்கும்.

வாராவாரம் முற்றத்தில் விசாரணை நடக்கும். முன்வீட்டு இளையதம்பிக்குக் கள்ளன்மேல் சந்தேகம். "பூட்டு விசயம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தானே அக்கா" என்பான். பக்கத்துக் காணிக் கமலாசனிக்கு டொக்டர்தான் குற்றவாளி. கள்ளனுக்காகப் பேசவும் அவளுக்கு நாலு நியாயம் இருந்தது. இருவரும் ஒருமுறை தேத்தண்ணீரைத் தொடாமலே எழுந்து போகும் அளவுக்குக் கோபித்தார்கள்.

நேசமலர் இந்த வழக்குக்குள் இறங்குவதேயில்லை. அவளுடைய கேள்விகள் வேறு. "ஆறு பேருக்கும் ஆர் சமைக்கிறது? உள்ளுக்கை கிணறு இருக்கோ? அந்தப் பெட்டை உடுத்த சீலையோடைதானே வந்தது, மாத்துச் சீலைக்கு என்ன செய்யுது?" கடைசியில், சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று. "பூட்டினவன் ஆரெண்டாலும் இருக்கட்டும். உதுகளின்ரை தாய் தேப்பன் எங்கை? ஒருத்தரும் தேடிப் போகேல்லையோ?"

அந்தக் கேள்வி வந்ததும் ஐயாத்துரை எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார். மாட்டின் முன்னால் வைக்கோல் மலையாய்க் கிடந்தாலும் போவார்.

காரணம் முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன், அவர்களுடைய ஒரே மகள் ஜெகதீஸ்வரி, கருவாட்டு லொறியில் கிளிநொச்சிச் சந்தைக்கு வந்துபோன ஸ்ரீபன் என்ற பெடியனோடு போய்விட்டாள். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கும், மாதாவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பம். ஐயாத்துரை கத்தியும் எடுக்கவில்லை, பொலிசுக்கும் போகவில்லை. வாசற்படியில் நின்று ஒரேயொரு வசனம் சொன்னார்: "இந்த வீட்டிலை இனி அந்தப் பேர் கேக்கப்படாது." கேட்கவில்லை. நேசமலர் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள். இதையும் அப்படியே செய்தாள். ஊர் வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெயர் என்பதால், அதை "வாத்தியார் வீட்டுப் பெட்டை" என்றே கூப்பிட்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை அதில் மனவருத்தம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நேசமலர் நேர்த்தி வைப்பதில் பெயர்போனவள். பசு கன்றுபோட முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய். வயலில் பாம்பு கண்டால் புதூர் நாகதம்பிரானுக்குப் பால். தாங்கவே முடியாத பெரிய காரியமென்றால் மட்டும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். "அம்மாளாச்சியோடை விளையாடப்படாது, சொன்னால் செய்யோணும்" என்று அந்த வாசலை அவள் சும்மா தட்டுவதில்லை. ஆனால் மகளுக்காக இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தெய்வத்திடமும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பேர் சொல்லாமல் எப்படிக் கேட்பது? இன்னாருக்கு இன்னது வேண்டுமென்று சொன்னால்தானே நேர்த்தி! பேருக்கு வீட்டில் தடை. ஆகவே வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். சுகமாய் இருக்கிறாளாம் என்று கமலாசனி ஒருமுறை காதோடு காதாகச் சொன்னதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே சேதி.

நாடகத்தில் ஒரு கிழமை பவானி சுவரில் தலையை முட்டிக்கொண்டு "அம்மா!" என்று அழுதாள். "ஓம் பிள்ளை, இஞ்சைதான் நிக்கிறன்" என்று நேசமலர் சொல்லிவிட்டாள். சொன்னது தனக்கே கேட்டதும் குனிந்து பயறைக் கிளறினாள். முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐயாத்துரைக்குத்தான் பொறுக்கவில்லை. "இஞ்சாரப்பா, கொழும்பிலை ஒரு அறைக்குள்ளை ஆறு பேர் கடுதாசியைப் பாத்து வாசிக்கினம். நீ என்னடாவெண்டால் மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்கிறாய்."

"நாடகமெண்டு எனக்குத் தெரியாதோ?" என்றாள் அவள். "கடுதாசியைப் பாத்துத்தான் வாசிக்கினம். அந்த அழுகை கடுதாசியிலை இருக்குமோ?"

மனிதர் வைக்கோல் போடப் போனார்.

வைகாசி பிறக்கிற நேரம் கதை முற்றியது. பூட்டிய வீட்டில் தீப்பிடித்துவிட்டது. றேடியோவில் இருமல், ஓட்டம், கதவில் அடிக்கும் சத்தம். "சீலையை நனைச்சு மூக்கிலை பிடியுங்கோ! எல்லாரும் நிலத்தோடை படுங்கோ!" என்று நேசமலர் எழுந்து நின்று கட்டளையிட்டாள். பயறு முற்றமெல்லாம் சிதறியது. பவானியின் குரல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அத்தோடு வாத்தியம் ஒன்று எழும்பி, மிகுதி அடுத்த புதன்கிழமை என்று ஒருவர் சாவதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன!

"ஒரு கிழமையோ? புகைக்குள்ளை ஒரு கிழமை கிடக்குங்களோ?" நேசமலர் கிழக்கே திரும்பிக் கையைத் தலைக்கு மேல் கூப்பினாள். அத்தனை பேர் முன்னால், குரலெடுத்துச் சொன்னாள்: "அம்மாளாச்சி! ஆறு பேரும் உயிரோடை வெளியாலை வந்தால் வற்றாப்பளைக்கு வந்து பொங்கிப் படைக்கிறன்!"

வற்றாப்பளை முல்லைத்தீவுப் பக்கம். அங்கிருந்து கடற்கரை கூப்பிடு தூரமில்லாவிட்டாலும் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். எல்லோரும் ஐயாத்துரையைப் பார்த்தார்கள். ஐயாத்துரை தன் காலைப் பார்த்தார்.

அடுத்த புதன்கிழமை ஆறு பேரும் வெளியே வந்தார்கள். பூட்டியவன் யார் என்பதும் தெரிந்தது. கள்ளனும் இல்லை, டொக்டரும் இல்லை. இளையதம்பியும் கமலாசனியும் அதை ஒப்புக்கொள்ளாமல் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நேசமலரோ அந்தப் பகுதியைக் கவனிக்கவேயில்லை. பவானி மூச்சு விடுகிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டு, பொங்கலுக்குப் பச்சையரிசி புடைக்க உள்ளே போனாள்.

"நாடகத்துக்குப் பொங்கலோ? ஊர் சிரிக்கும்" என்றார் ஐயாத்துரை.

"சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அம்மாளுக்குச் சொன்ன வாய் என்ரை வாய்."

மற்ற எதற்கும் அவர் மாட்டேன் என்பார். அம்மன் நேர்த்தியை மறித்த மனிதன் என்று பெயரெடுக்க வன்னியில் எவனுக்கும் நெஞ்சுத் துணிவு கிடையாது. ஆனால் அவளைத் தனியே விடவும் அவருக்குப் பயம். நானும் வாறன் என்றார்.

கருவாட்டு லொறிக்காரரிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினால் மகள் கோயிலுக்கு வந்து நிற்பாளே என்று கமலாசனி இரகசியமாக யோசனை சொன்னாள். நேசமலர் அன்றிரவு முழுக்கப் புரண்டாள். விடிய எழும்பி, "வேண்டாம்" என்றாள். "அந்த ஆறு பேருக்கெண்டுதான் வாய் திறந்து கேட்டனான். உள்ளுக்கை வேறை கணக்கு வைச்சால் அம்மாளுக்குத் தெரியாதோ?" ஆசை இல்லாமலா சொன்னாள்? ஆசை தொண்டைவரை இருந்தது. ஆனாலும் சொன்னாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

திங்கட்கிழமை பஸ்ஸேறி, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, மாங்குளத்தில் மாறி, தண்ணீரூற்றில் இறங்கி, அங்கிருந்து கோயிலுக்கு நடந்தார்கள். நேசமலர் மூன்று கல் வைத்துப் பொங்கினாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. கோயிலுக்கு வந்த ஒவ்வொரு இளம்பெண்ணின் முகத்தையும் அவள் பார்த்தாள்; பார்க்காத மாதிரி அகப்பையைத் துழாவினாள். மகள் வரவில்லை. வரச் சொல்லாத பிள்ளை எப்படி வரும்?

படைத்து முடிந்ததும் பூசாரியார் அருச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு கேட்டார். "ஆரின்ரை பேருக்கு? பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ."

நேசமலர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். ஆறு பேருக்கும் தானே நட்சத்திரம் குறித்திருந்தாள். அதிகாரம் பண்ணும் டொக்டருக்கு மகம். பொறுமையான வாத்தியாருக்கு அனுசம். பாட்டுக்காரிக்குத் திருவோணம், கடைக்காரருக்குப் பூசம். கள்ளனுக்கு நெடுநேரம் யோசித்து, வெண்ணெய் திருடிய கண்ணனுடைய ரோகிணியையே கொடுத்தாள். கடைசியாகப் பவானி, சித்திரை. பூசாரியார் ஒவ்வொன்றாக வாங்கி ஓதினார். கூட வந்த புருஷன் தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, "நல்ல பெரிய குடும்பம்" என்றார்.

"வேறை ஆருக்கும் இருக்கோ?"

நேசமலர் வாயைத் திறந்தாள். அந்தப் பேர் நாக்கின் நுனிவரை வந்தது. இது வீடல்ல, கோயில். இங்கே சொன்னால் தடையை மீறினதாகுமா? அவளுக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பூசாரியார் கற்பூரத்தைக் கொளுத்தப் போனார்.

"பொறுங்கோ." ஐயாத்துரை தூணைவிட்டு வந்தார். ஒருமுறை செருமினார். "ஜெகதீஸ்வரி. உத்திரட்டாதி."

இரண்டு வருஷமாக வீட்டில் கேளாத பேர் கோயிலில் கேட்டது. அவருடைய குரலிலேயே கேட்டது. நேசமலருக்குக் காது இரைந்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரே மூச்சில், "மருமோன் ஸ்ரீபன், ரோகிணி!" என்றாள்.

பூசாரியார் வேதக்காரப் பெயரைக் கேட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் சேர்த்து ஓதினார்.

திரும்பி நடக்கும்போது ஐயாத்துரை கேட்டார். "வேதக்காரப் பெடியனுக்கு ரோகிணி எண்டு உனக்கு ஆர் சொன்னது? கள்ளனுக்கும் அதைத்தானே சொன்னனீ?"

"இவனும் களவெடுத்தவன்தானே."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. பொங்கல் பானையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். தண்ணீரூற்றுச் சந்தியில் ஒரு பக்கம் மாங்குளத்துக்குப் போகும் பஸ் நிற்கும். தெருவுக்கு மற்றப் பக்கம் முல்லைத்தீவு பஸ். வீட்டுக்குப் போகிற பக்கத்தில் இருவரும் நின்றார்கள். இருட்ட இன்னும் பொழுது இருந்தது. புழுதி கிளப்பிக்கொண்டு மாங்குளம் பஸ் வந்தது. நேசமலர் துவாயையும் அகப்பையையும் பொறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

ஐயாத்துரை கை காட்டவில்லை. பஸ் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"இஞ்சருங்கோ, பஸ் போட்டுது!" என்றாள் நேசமலர்.

அவர் சூடாறாத பானையைத் தோளில் சரிசெய்து, இருபுறமும் பார்த்து, தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய் நின்றார்.