ஆம்பளையக் கூட்டிட்டு வா

“புள்ள இல்லன்னு ஒத்தையா ஏன் வந்து நிக்கிற? போ, ஆம்பளையக் கூட்டிட்டு வா.”

புகையிலையைக் கடைவாயில் அதக்கியபடி, வந்தவளை வாசலிலேயே மறித்து றோசாலி இப்படித்தான் விரட்டுவாள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். கணவன் தப்பித்தவறி வந்துவிட்டால் அவனுக்கென்று கேள்விகள் வைத்திருப்பாள். “கடுங்காச்சல்ல கெடந்தியா? வெட்டை வந்துச்சா? கீழ வீங்குச்சா?” பாதிப் பேர் மூன்றாவது கேள்விக்கு நிற்பதில்லை. “ஓடுறதப் பாரு, அட்ட கடிச்சவனாட்டம்!” என்று முதுகுக்குப் பின்னால் கத்துவாள்.

பதுளைக்கு ரயில் பாதை வெட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. வடிவம்மா தனியாகத்தான் வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். றோசாலி விரட்ட வாயெடுக்குமுன் சேலையைச் சற்று விலக்கிக் காட்டினாள். அடிவயிற்றில் மூன்று சூட்டுக் காயங்கள். ஒன்றில் இன்னும் நீர் வடிந்தது.

“மாமியா போட்டாங்க. கர்ப்பப்பை குளுந்து கெடக்காம்.”

“ஒம் புருஷன் என்ன செஞ்சான்?”

“என் கையப் புடிச்சிக்கிட்டாரு.”

றோசாலி புகையிலையைத் துப்பினாள். புண்ணுக்கு எண்ணெய் தடவினாள். வடிவம்மாவின் கணவன் முத்தையாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, தாடை வீக்கம் வடிந்த கையோடு விதைகள் இரண்டும் வீங்கிப்போயின. பத்துப் போட்டவளே அவள்தான். இப்படி வந்த சிலருக்குப் பிள்ளை பிறப்பதில்லை என்று அவன் தாயிடம் அன்றே சொல்லியிருந்தாள். தெரிந்திருந்தேதான் அந்தத் தாய் இரும்பைக் காய்ச்சியிருக்கிறாள்.

அன்று மாலையே கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே முத்தையாவை மறித்தாள். “நாளைக்கு ஆஸ்பத்திரி டிஸ்பென்சர்கிட்டப் போயி ஒன்னயச் சோதிச்சுக்கிற. போகலன்னா, காலைல பேர் கூப்புடுற பெரட்டுக் களத்துல நின்னு கேப்பேன், எல்லாரும் கேக்க.”

போனான். கொக்கிப்புழுவைச் சோதிப்பதற்காகத் தோட்டத்துக்கு வந்திருந்த நுண்ணோக்கியில் டிஸ்பென்சர் அந்தோனிப்பிள்ளை அவன் விந்துவைப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார். முத்தையாவிடம் சொன்னதைப் பிறகு றோசாலியிடமும் தணிந்த குரலில் சொன்னார்.

“ரெண்டு வாட்டியும் ஒரு உயிரணுகூட இல்ல. நீ வெளிய சொல்லிப்புடாத. ஆம்பள மானம் பாரு.”

“வயித்துல சூடு வாங்குனவளுக்கு என்னங்கய்யா?”

அவர் கண்ணாடிச் சில்லைத் துடைத்தார்.

முத்தையா வாயைத் திறக்கவில்லை. பதினைந்தே நாளில் அவன் தாய் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இரண்டாவது பெண் பேசி வெற்றிலை மாற்றி வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை றோசாலி மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. மழையில் ஸ்பிரிங்வெளிக்கு நடந்து, பெண்ணின் தகப்பனைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பத் தயங்கினார்.

“அப்பக் கட்டிக் குடுங்க. ஆறு வருஷத்துல ஒங்க மக வயித்துலயும் காய்ச்சிப் போடுவாங்க. அப்ப என்னையக் கூப்புடாதீங்க.”

கல்யாணம் நின்றது. முத்தையாவின் தாய் றோசாலியின் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். றோசாலி தலையைத் தட்டிக்கொண்டு, “இன்னும் ரெண்டு கை போடு. அவ புண்ணு ஆறிருமா?” என்றாள்.

மறுநாள் மத்தியானம் முத்தையாவே வந்தான். றோசாலி வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

“என் மானத்த வாங்கிட்டியே.”

“அவ கையப் புடிச்சியே, அன்னைக்கு எங்கடா போச்சு ஒம் மானம்?”

அவன் தோள்கள் தொங்கின. “அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. வரமாட்டேன்னுட்டா.”

“வர வேணாம்.”

 கேட்கவே கூசியவனாக, “இதுக்கு மருந்து ஏதும் இருக்கா?” என்றான்.

“இல்ல.”

அவன் அழுதான். றோசாலி பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து அவன் உட்கார இடம் விட்டாள். முகத்தை மட்டும் அவன் பக்கம் திருப்பவில்லை.