வேதப் பலகையில் வந்த டவர்

பெரியவளே, சின்னவனே,

மாட்டுக்கு ஜெபம் பண்ணின கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் சொல்லும்போது சின்னவன் தன்னை வீரனாக்கிக்கொள்கிறான், பெரியவள் என்னைக் கோமாளியாக்கிவிடுகிறாள். அதனால் நானே எழுதிவைக்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான். பிழை இருந்தால் திருத்துங்கள், கதையை மட்டும் திருத்தாதீர்கள். கடைசித் துண்டு உங்கள் இருவருக்குமே தெரியாது.

நம் ஊரில் வேதம் வைத்திருக்கிற வீடு நம்முடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டும். மழை வலுத்தால் அதுவும் இல்லை. ஆகவே சாயங்கால ஜெபம்தான் நமக்கு எல்லாம். பக்கத்தில் இன்னொரு கிறிஸ்தவ வீடு இருந்தால், "என்னங்க, இன்னைக்குப் பாட்டுச் சத்தத்தையே காணோம்?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். நம்மைக் கேட்க ஆளில்லை. ஜெபம் நின்றுபோனால் நின்றதுகூட யாருக்கும் தெரியாது. அதுதான் என் பயம், அன்றைக்கும் இன்றைக்கும்.

இந்த நிலைமையில்தான் போன் வந்தது. மிளகு வியாபாரியிடம் பேச வசதி என்று நான்தான் வாங்கினேன். மலையில் டவர் எங்கே கிடைக்கும் என்பது அந்த டவருக்கே தெரியாது. போனைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தோம். அடுப்படியில் இல்லை, வாசலில் இல்லை. கடைசியில் சன்னலோரம் வேதம் வைத்திருக்கும் பலகையில் வைத்தபோது கோடு கோடாக ஏறியது.

"பாத்தீங்களா, கர்த்தரு பக்கத்துல வெச்சாத்தான் வேல செய்யுது" என்றாள் உங்கள் அம்மா.

நான் அதைச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டு அந்த ஞாயிறு சபையில் எழுந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

போனைப் படுக்க வைத்தால் டவர் போய்விடும், நிமிர்ந்து நிற்க வேண்டும். பலகையில் சாய்த்துவைக்க இருந்தது ஒரே பொருள். கறுப்பு அட்டை, நல்ல கனம், சறுக்காது. அதன்மேல் சாய்த்தோம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஜெபம் மெலிந்தது. முதலில் பாட்டு குறைந்தது. பிறகு, சங்கீத அதிகாரம் வாசிக்க வேதத்தை எடுத்தால் போன் விழுந்து கிரிக்கெட் நின்றுவிடும் என்று சின்னவன் ஒரு யோசனை சொன்னான்: "மனப்பாடமாச் சொல்லலாம்ப்பா. அதுதான் நெஞ்சுல தங்கும்."

எவ்வளவு பக்தியான யோசனை! நமக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பரமண்டல ஜெபம். கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி அதைச் சொல்லி முடித்தோம். ஆமென் வருவதற்குள் பெரியவளின் விரல் போனுக்குப் போயிருக்கும். அவளுக்கு ரீல்ஸ், அம்மாவுக்குச் சமையல், எனக்குச் செய்தி. செய்தி முடிந்ததும் எந்த நாட்டிலோ லாரி மலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நம் மலையில் தினமும் லாரி ஏறுகிறது. அதை நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பலகை நெஞ்சு உயரம், உட்கார்ந்தால் போன் தெரியாது. அதனால் நாலு பேரும் அதன்முன் கையைக் கட்டி, தலை குனிந்து நிற்போம். சன்னலுக்கு வெளியே இருப்பவருக்கு நம் முகமும் வேதத்தின் முதுகும்தான் தெரியும். போன் தெரியாது.

அப்படித் தினமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஒரு சாயங்காலம், கிரிக்கெட் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"ஏனுங் தம்பி, மாடு கன்னு போட முடியாம அல்லாடுதுங்க. மத்தியானம் புடிச்சு முக்கிட்டுக் கெடக்குது."

"டாக்டருக்குச் சொல்லீட்டீங்களாக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு வண்டியெடுத்துட்டுக் கூட்டியாரப் போயிருக்காரு. நா அதுக்கு வரல. நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க."

"நாங்களா?"

"பின்ன? எந்நேரமும் உங்க சாமி முன்னாடியேதான நிக்கறீங்க? காத்தால நிக்கறீங்க, பொழுது சாஞ்சா நிக்கறீங்க. நேத்து இந்தக் கண்ணு நின்னுட்டே அழுதுச்சு பாருங்க, எனக்கே மனசு கரஞ்சு போச்சு. எங்க ஊட்டுக்காரரு வருசத்துக்கொருக்கா கோயிலுக்கு வாரதுக்கே மூக்கால அழுவறாரு."

முந்தின நாள் சின்னவன் அழுதது நம் அணி தோற்றதற்கு. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெரியவள் சுவரை ஆராய்ந்தாள்.

"வாங்கக்கா, மாட்டுக் கொட்டாய்க்கே போய்ப் பண்ணலாம்" என்றேன், எப்படியாவது அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் போதுமென்று.

"அங்க வேண்டாஞ்சாமி. நீங்க நிக்கற எடத்துலயே நின்னு கேளுங்க. இங்கதான் கேக்கும்."

பெரியம்மா கண்ணை மூடிக் கும்பிட்டதும் அம்மா சட்டென்று போன்மேல் துண்டைப் போட்டாள். நான் கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் துண்டுக்குள்ளிருந்து பெருங்கூட்டம் ஓவென்று கத்தியது.

"ஆமென்!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினான் சின்னவன்.

பெரியம்மாவும் ஆமென் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மறுபடி தொடங்கினேன். மறுபடி கூட்டம், மறுபடி ஆமென். மூன்றாம் தடவை பெரியவள் துண்டுக்குள் கையை விட்டுப் போனை அணைத்தாள். அணைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வீடு அமைதியானது. அப்போதுதான் கொட்டாயிலிருந்து மாடு முனகுவது கேட்டது. அவ்வளவு நேரமும் அது முனகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"ஆண்டவரே, அந்த வாயில்லா ஜீவன் படற பாடு உமக்குத் தெரியும். எங்க லட்சணமும் உமக்குத் தெரியும். எங்களப் பாத்துச் செய்ய வேண்டாம், இந்த அக்காவப் பாத்துச் செய்யும்" என்றேன். ரொம்ப நாளுக்குப் பிறகு நான் மனசாரப் பண்ணின ஜெபம் அது.

எல்லாரும் கொட்டாய்க்குப் போனோம். டாக்டர் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, படாத பாடு பட்டுக் கன்றை இழுத்தார். நெற்றியில் வெள்ளையோடு ஒரு கிடாரி. மூச்சுவிட்டது. பெரியம்மா டாக்டரையும் கும்பிட்டார், நம்மையும் கும்பிட்டார்.

"நாளைக்கும் நிப்பீங்கல்ல தம்பி? நானும் வந்து பக்கத்துல நின்னு ஒரு நன்றி சொல்லிட்டு வாரேன்."

"வாங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்வது?

திரும்பும்போது அம்மா, "வரட்டும். புளிக்கொழம்பு எப்பிடி வெக்கறதுன்னு அக்காவும் பாத்துக்கட்டும்" என்றாள்.

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, பெரியம்மாவ நாம ஏமாத்திட்டமா?"

"நம்மளப் பத்தி அவங்க நெனச்சது இன்னும் உண்மையாகல கண்ணு, அவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குது."

"அப்ப மேட்ச் என்னாச்சுப்பா?" என்றான் சின்னவன்.

இனி உங்களுக்குத் தெரியாத துண்டு. மறுநாள் விடியற்காலை நீங்கள் இருவரும் அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் போனை எடுத்துக்கொண்டு பனியில் தோட்டத்தைச் சுற்றினேன். பலாமரத்தடியில் டவர் கிடைத்தது. பழைய எண்ணெய் டின்னை வெட்டி, மழை படாத பக்கமாக மரத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். அந்தக் குளிர்காற்றில் நின்று லாரி பார்க்க எனக்கு மனசு வராது என்பது என் கணக்கு. டவர் சரியாக வருகிறதா என்று சோதிக்க வேண்டுமல்லவா? சோதித்தேன். கூடவே யார் ஜெயித்தார்கள் என்றும் பார்த்தேன். நாம்தான், சின்னவனே.

போனை டின்னுக்குள் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். வேதத்தின் அட்டையில் போன் சாய்ந்திருந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. துண்டால் துடைத்துப் பலகையின் நடுவில் வைத்தேன். பிறகு அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.