சாய்ந்த கப்பலும் லவ்டேயின் சாட்சியும்

இங்கிலாந்தின் ஃபோவி துறைமுகத்தில் மாலுமிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவள் லவ்டே ட்ரெகியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஜோரியும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கப்பலில் வெள்ளைக் களிமண் ஏற்றும் எங்கள் கூட்டத்துக்கு ஜோரிதான் மேஸ்திரி.

அந்த மார்ச் மாதம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அவசரத்தில் ஒரு சிறிய கப்பலின் இடப்பக்கமாகவே மண்ணைக் கொட்டிவிட்டோம். அதை அள்ளிப் பரப்பிச் சமன் செய்ய இன்னும் இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஓதம் வடிந்து தண்ணீர் குறைவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று கேப்டன் நெருக்கினார். ஜோரி சரியென்று தலையாட்டிவிட்டான்.

வெளுத்த துணியோடு வந்த லவ்டே கூடையைக் கப்பலின் மேல்தளத்தில் வைத்தாள். அது தானாகச் சறுக்கிப் போய் இடப்பக்கக் கம்பியில் முட்டியது.

"ஜோரி, கப்பல் சாஞ்சு நிக்குதே."

"கடலுக்குப் போனா நேராயிடும். மண்ணு என் வேலை. நீ துணியப் பாரு."

மறுநாள் கப்பல் கவிழ்ந்தது. அதில் போன ஐந்து பேரில் ஒருவரும் கரை சேரவில்லை.

விசாரணையில் லவ்டே கூடை சறுக்கியதைச் சொன்னாள். "கப்பல் லாப்சைடட்லி நின்னுச்சுங்க" என்றாள்.

கப்பல் முதலாளிக்காக வந்த லண்டன் வக்கீல் சிரித்தார். "தொப்பியக் கோணலா வச்சாலும் அப்படித்தாம்மா சொல்றோம். துணி வெளுக்கிறவங்களுக்குக் கப்பலப் பத்தி என்ன தெரியும்?"

"தொப்பிக்கெல்லாம் பின்னாலதான் சொன்னாங்க. மொதல்ல அது கப்பலுக்கான வார்த்தை. லாப்னா தொங்குறது. காது தொங்குற முயலுக்கும் அந்த லாப்தான். ஒரு பக்கம் கனம் கூடி, அந்தப் பக்கமா தொங்குற கப்பல லாப்சைடட்னு சொல்வாங்க. எங்கப்பா கப்பல் தச்சர். அவர் சொன்ன அர்த்தத்துலதான் நானும் சொல்றேன்."

"அப்ப, மண்ணு ஏத்தினது யாரு?"

அவள் பெஞ்சில் இருந்த ஜோரியைப் பார்த்தாள்.

"என் தம்பி."

ஜோரிக்கு மேஸ்திரி வேலை போனது. மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனவன், அவளிடம் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கல்யாணத்தைக்கூட அவள் பிறர் சொல்லித்தான் அறிந்தாள்.

"பேசாம இருந்திருக்கலாம்ல, லவ்டே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த அஞ்சு பேர் சட்டையையும் நான்தான் மடிச்சுக் கொடுத்தேன்" என்றாள்.

அன்று கப்பலின் அடித்தளத்தில் மண்வெட்டியோடு நின்றவர்களில் நானும் ஒருவன். என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.